வலது புருவத்துப் பிளாஸ்திரி

இன்று காலை என் கிளினிக்கில் நர்ஸ் ஒரு புதுப் பிளாஸ்திரிச் சுருளைப் பிரித்தாள். அந்தப் பசை வாசனை மூக்கில் ஏறியதும் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, இத்தனை ஆபரேஷன் செய்த பிறகும் அந்த வாசனை எனக்குப் பயம்தான்.

அப்போது கண் மருத்துவம் படித்து முடித்த புதிது. சாணார்பட்டிப் பக்கம் பூ விவசாயம் செய்யும் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் பஸ்ஸில் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போவேன். கண் டாக்டருக்கு அது எதற்கு என்று நல்லவேளை யாரும் கேட்கவில்லை. திண்டுக்கல்லில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரியில் வேலை. ஆபரேஷன் செய்வது பெரிய டாக்டர். கண் மரத்துப்போக ஊசி போடுவது நான். எந்தக் கண் என்று தெரிய, முந்தின நாளே புருவத்துக்கு மேல் ஒரு துண்டுப் பிளாஸ்திரி ஒட்டிவிடுவோம்.

ஒருநாள் ஆபரேஷன் மேசையில் ஜைனம்பு அம்மா படுத்திருந்தார். தோல் வியாபாரக் குடும்பம். இரண்டு கண்ணிலும் புரை. ஒன்று ரொம்ப மோசம். இன்னொன்றை வைத்துத்தான் நடமாட்டம். பிளாஸ்திரி இடது புருவத்தில் இருந்தது. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தும் இடது கண்ணில்தான் விட்டிருந்தார்கள். ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். 'வலது' என்றிருந்தது. என் கையெழுத்து.

தப்பு பிளாஸ்திரியிலா, என்னிடமா? டார்ச் அடித்தேன். புரை இரண்டிலும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. பார்வை இருக்கிற ஒரு கண்ணிலும் ஏதாவது ஆகிவிட்டால்?

"அம்மா, எந்தக் கண்ணு ரொம்ப மங்கல்?"

உதடு மட்டும் அசைந்தது. ஓதிக்கொண்டிருந்தார், பாதியில் நிறுத்த மாட்டார்.

"என்னம்மா, ஊசி போடுறியா, இல்ல நான் போய் டீ குடிச்சுட்டு வரவா?" என்றார் பெரிய டாக்டர் என்னிடம்.

"எந்தக் கண்ணுன்னு சந்தேகமா இருக்கு சார்."

"பிளாஸ்திரி அம்புட்டுப் பெருசா தெரியுது. ஒனக்குத்தான் மொதல்ல ஆபரேஷன் பண்ணணும்போல."

நர்ஸ்கள் சிரித்தார்கள். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டேன். "அவங்க சொல்லாம போட மாட்டேன் சார்."

சிரிப்பு நின்றது. அந்த அம்மா ஓதி முடிக்க எவ்வளவு நேரம் ஆனதோ, அதற்குள் எனக்கு வேலை போய், ஊருக்குத் திரும்பி, பூக்கூடை சுமக்கிற வரைக்கும் யோசித்து முடித்துவிட்டேன்.

"வலதுதாம்மா" என்றார் கடைசியில்.

வெளியே இருந்த மருமகளைக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. காலைத் தொழுகைக்கு முன் முகம் கழுவும்போது தோலெல்லாம் தண்ணீர் பட வேண்டும் என்று மாமியார் பிளாஸ்திரியை உரித்திருக்கிறார். திரும்ப ஒட்டியது மருமகள். எதிரே நின்று, தன் வலக்கைப் பக்கமாக ஒட்டிவிட்டாள். மருந்து விட வந்த நர்ஸ் பிளாஸ்திரியை நம்பிவிட்டாள்.

"நல்ல கண்ணுல மருந்து ஊத்தும்போதே சொல்லியிருக்கலாமேம்மா?"

"தோணுச்சும்மா. நீங்கள்லாம் படிச்ச புள்ளைக. ஒங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?"

என் அம்மா அந்த மேசையில் படுத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

அப்படி வாயைத் திறக்காமல் கண்ணை ஒப்படைத்துவிட்டுப் படுக்கிறவர்கள் இப்போது வருவதில்லை. எனக்கு வருத்தமும் இல்லை. போன வாரம் நத்தத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் மேசையில் எழுந்து உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எந்தக் கண்ணுன்னு நீ சொல்லு தாயி, பாப்போம்."

"இடதுங்கய்யா."

"ம்ம்... சரி, போடு" என்று படுத்தார்.