நூற்றுப் பத்து பாட்டில்

மணலி சாலையில் இருந்த அந்தத் தனியார் ஆய்வுக்கூடத்தில் கரும்பு பாட்டிலுக்குள் வளர்ந்தது. புதிய ரகம் ஒன்றை வயலில் பெருக்க ஏழெட்டு வருஷமாகும். குருத்தின் நுனியைக் கடுகளவு வெட்டி சத்துக்கூழில் வைத்தால் ஒன்றிரண்டு வருஷத்தில் லட்சம் நாற்று. வெட்டும் பெண்களில் வியாசர்பாடி மலர்க்கொடியின் கைக்கு ஈடில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை.

இரண்டாயிரத்தொன்று கோடையில் பாட்டில்கள் பூசணம் பிடித்தன. வாரம் இருநூறு கொட்டினார்கள். காரணம் கண்டுபிடித்தவர் மேற்பார்வையாளர் வால்டர்.

"தூரமான பொம்பளைங்க உள்ள வர்றதாலதான்."

பெண்கள் பெயரெழுதிய அட்டை ஒன்று சுவரில் ஏறியது. அந்த மூன்று நாளும் தேதியைக் குறித்துவிட்டு, வெளியே பாட்டில் கழுவ வேண்டும். ஆண்களும் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

மலர்க்கொடியின் பெயருக்கு நேரே இரண்டு மாதம் எதுவும் விழவில்லை.

"இன்னா மலரு, கட்டம் காலியா கீது? டில்லிபாபு பாஸாயிட்டான் போல!" எல்லோர் முன்னாலும் வால்டர் சிரித்தார். புருஷன் டில்லிபாபுவிடமே அவள் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு புதன்கிழமை, வெட்டிக்கொண்டிருக்கும்போதே அடிவயிறு சுண்டி இழுத்தது. ஈரம் தெரிந்தது. எழுந்தால் தேதி குறிக்க வேண்டும். குறித்தால் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். நின்றுவிடும், நின்றுவிடும் என்று கத்தியை நெருப்பில் காட்டிக் காட்டி வெட்டினாள். நூற்றுப் பத்து பாட்டில் ஆனபோது, வெள்ளைக் கோட்டின் பின்பக்கம் நனைந்திருப்பதைப் பக்கத்தில் இருந்த மங்கை பார்த்தாள். வால்டரும் பார்த்தார்.

"சார், புள்ள கலையுது சார்! ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன்."

"மொதல்ல அவ தொட்டத அவளே கொட்டிட்டுப் போவட்டும்."

சுவரைப் பிடித்துக்கொண்டு, தட்டுத் தட்டாகத் தூக்கிப்போய், கொதிக்கும் டிரம்மில் மலர்க்கொடி கொட்டினாள். நடந்த வழியெல்லாம் தரையில் சொட்டியது. அதையும் துடைக்கச் சொன்னார். ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் வேலையும் போயிற்று.

ஒன்றரை மாதம் கழித்து மங்கை வீட்டுக்கு வந்தாள்.

"ஏசி காத்துல தூசி புடிக்கிற ஃபில்டரு கிழிஞ்சி கெடந்துச்சாம்மே. மாத்தினதும் பூசணம் நின்னு பூட்ச்சி."

"அப்போ என்னிய திருப்பிக் கூப்டுவாங்களா?"

மங்கை சேலை முனையைத் திருகினாள். "உன் சீட்ல வேற பொண்ணு உக்காந்துகினு கீறா. அவளுக்குக் கை வரல. நுனிய நசுக்கிடறா. நீ கத்திய எப்டி புடிப்பேன்னு கேட்டுனு வரச் சொன்னாரு சாரு."

மலர்க்கொடி எழுந்தாள். மங்கையின் தோளைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு, கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். மங்கை வெகுநேரம் தட்டிப் பார்த்தாள்.