கிரீஸ் தடவிய இடம்

அன்று தாம்பரத்தில், வண்டிகளைப் பரிசோதிக்கும் திடலில் எங்கள் பழைய காரைச் சுற்றி நின்றவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவியின் தம்பி, இரும்புலியூரில் தகரவேலை பார்த்துத் தந்த டிங்கர் அண்ணன், பரிசோதிக்க வந்த அதிகாரி. பதிவைப் புதுப்பித்துத் தந்தால் கார் இன்னும் ஐந்து வருடம் ஓடும். இல்லையென்றால், மச்சானும் நானும் இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டிய வண்டி பழைய இரும்பாக எடைக்குப் போகும்.

அதிகாரி பானட்டைத் திறக்கச் சொன்னார். சேஸிஸ் நம்பர் பொறித்திருக்க வேண்டிய இடத்தில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். காகிதம் கறுத்ததே தவிர ஓர் எண்ணும் எழவில்லை.

"நம்பர் எங்க?"

டிங்கர் அண்ணன் குனிந்து விரலால் தடவினார். "இங்கதான் சார் இருந்திச்சி. கிரைண்டர் பட்டுடக் கூடாதுன்னு நாந்தான் மேல கிரீஸ் தடவி வெச்சேன்."

அந்த கிரீஸைப் பார்த்து, துருவை மறைக்கத்தான் பூசியிருக்கிறார் என்று நினைத்தவன் நான். அவரிடமே கேட்டிருக்கலாம். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். எதைக் கேட்டாலும் இதுகூடத் தெரியாதா என்பார்களோ என்ற பயம் இந்த வயதிலும் விடவில்லை. ஒரு ஞாயிறு பட்டறையிலிருந்து மச்சானும் அவரும் டீ குடிக்கப் போனபோது கிரீஸைத் துடைத்தேன். கீழே சொரசொரவென்று துரு. எண் எதுவும் கண்ணில் படவில்லை. தகரம் பளபளக்கும்வரை கிரைண்டரால் ராவி, பிரைமர் அடித்தேன். மறுவாரம் வண்டி முழுக்கப் பெயின்ட் ஏறியதில் யாரும் கவனிக்கவில்லை.

"நம்பரை ராவித் தள்ளிட்டு கிரீஸ் கதை விடுறியாண்ணா?" என்றான் மச்சான்.

"முப்பது வருசமா இதே வேல தம்பி. நம்பர்ல கை வெப்பனா?"

மச்சான் என் பக்கம் திரும்பினான். "மாமா, நீ எதனா தொட்டியா?"

"இல்லடா" என்றேன்.

டிங்கர் அண்ணன் என்னையே பார்த்தார். "அப்ப கிரைண்டருக்குக் கால் மொளைச்சு அதுவே வந்து ராவிகினு போயிருக்குது போல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

போலீஸில் எழுதி வாங்கி, அனுமதி பெற்று மறுபடி பொறிக்கலாம் என்றார் அதிகாரி. அந்த அலைச்சல் வேண்டாமென்று மச்சான் காரை எடைக்குப் போட்டான். டிங்கருக்குக் கூலி பாக்கியைக் கொடுக்கக் கூடாது என்று அவன் சொன்னபோது நானும் தலையாட்டினேன்.

இப்போதும் அவர் பட்டறை இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றித்தான் போகிறேன். நானே கொடுத்துவிடலாம். கொடுத்தால் ஏன் கொடுத்தாய் என்று மச்சான் கேட்பான். எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் இன்னும் பாக்கி.