பத்தடி தள்ளி நின்ற பார்வை

கட்டடப் பரிசோதனை அலுவலகத்தில் அவளை எல்லோரும் டிக்‌ஷனரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக ஆங்கில அறிக்கைகளைத் தட்டச்சு செய்கிறவள். ஒரு கமா இடம் மாறினாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி அடிப்பாள். அப்படியொரு வீம்பு. ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் தன் இனிஷியலைப் பொடி எழுத்தில் போடுவாள். பொறியாளரின் கையெழுத்தைவிட அதில்தான் அவளுக்குப் பெருமை.

சேர்ந்த புதிதில், ஒரு விரிசலை 'விசிபிள்' என்று அடித்ததற்குப் பொறியாளர் சிரித்தார்.

"தேடினா தெரியறது விசிபிள் அம்மா. தேடாமலே கண்ணை இழுக்கணும், அதுதான் நோட்டிசபிள். நாம அதைத்தான் எழுதுவோம்."

அர்த்தம் என்னவோ சரிதான். அதை அவர் பயன்படுத்திய அழகுதான் வயிற்றெரிச்சல். சுவரிலிருந்து பத்தடி தள்ளி நிற்பார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். ஒரே ஒரு பார்வை. எதுவும் கண்ணை இழுக்காவிட்டால், 'நோட்டிசபிள் விரிசல் எதுவும் இல்லை'. முன்னால் பீரோ நின்றாலும் அதே வரிதான். பீரோவை நகர்த்தச் சொல்ல விதியில் இடமில்லையாம். இந்தப் பூசிமெழுகலை அலுவலகமே தொழில் நுணுக்கம் என்று மெச்சிக்கொண்டது. அவளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்று காலை அவள் வந்து உட்கார்ந்ததுமே தங்கையிடமிருந்து போன். தங்கை நாலு தெரு தள்ளி ஒரு தையல் கம்பெனியில், மூன்றாவது மாடியில் தைக்கிறாள்.

"அக்கா, இந்தக் கூத்தைக் கேளு. எங்க மாடி பாத்ரூம் கதவு ரெண்டு நாளா மூட மாட்டேங்குது. ரெண்டு தடவை இழைச்சாச்சு. இன்னிக்கு மறுபடி சிக்கிக்கிச்சு."

"மழையில மரம் உப்பியிருக்கும்டி."

"மழை எங்கே பெஞ்சுது? கதவு சரியாத்தான் இருக்காம், நிலைதான் சாய்ஞ்சிருக்காம். நூல் பீரோ பின்னாடி வேற பொலபொலன்னு மண் கொட்டுது. அங்க இருக்கிற விரிசல்ல என் கையே உள்ளே போகுது."

பீரோ என்றதும் அவள் நிமிர்ந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கோப்பைத் தேடி எடுத்தாள். போன மாத அறிக்கை. மூன்றாவது மாடி, வடக்குச் சுவர், முன்னால் பீரோ. நோட்டிசபிள் விரிசல் எதுவும் இல்லை. தங்கை வேலை பார்க்கும் கட்டடம் என்று தெரிந்தேதான் அடித்திருந்தாள். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அடியில் அவள் இனிஷியல்.

"இப்ப எங்கே இருக்கே?"

"என் மிஷின்லதான்."

"எழுந்து வெளியே வா. எல்லாரையும் கூட்டிட்டு வா. இப்பவே!"

தங்கை சிரித்தாள். "நல்ல ஆளு நீ! காலையில இவங்க எல்லாம் மேலே ஏற மாட்டோம்னு கேட்டுலயே நின்னாங்க. நான்தான் வாசல்ல மாட்டியிருக்கிற உங்க ஆபீஸ் ரிப்போர்ட்டைக் காட்டினேன். கீழே எங்க அக்கா இனிஷியல் இருக்கு பாருங்க, அவ ஒரு புள்ளிகூடத் தப்பா அடிக்க மாட்டான்னேன். அப்புறம்தான் ஏறினாங்க."

"நான் அடிச்சது தப்புடி. இறங்கு!"

"மிஷின் சத்தத்துல கேக்கலக்கா."

"தப்புன்னு சொல்றேன், இறங்குடி!"

அவள் கத்தியதில் பொறியாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார். போனுக்குள் தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசி மிஷினும் நின்றபிறகு தங்கை மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, யாரும் பார்க்கச் சொல்லல. ஆனா எல்லாரும் அந்தச் சுவரையே பார்க்கிறாங்க."