போன்ல கொரகொரப்பு போன கதை

செல்போன் கடையில உக்காந்திருக்கவ டாக்டராவும் இருக்கணும், வக்கீலாவும் இருக்கணும், புருசன் பொண்டாட்டி பஞ்சாயத்தும் பேசணும்; ஆனா வாரவங்க எல்லாரும் "ஒரு ஸ்கிரீன் கார்டு ஒட்டணும்"னுதான் ஆரம்பிப்பாங்க. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் நம்ம கடை. சிம் விக்கேன், ரீசார்ஜ் போடுதேன், ரிப்பேரும் பாக்குதேன். இதே தொழில்ல கெடந்து அல்லாடுற சொந்தங்களே, உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. நான் சிம் விக்கிற கம்பெனிக்காரன் பழைய நெட்வொர்க்கை இந்தப் பக்கம் மூடிட்டான். இனிமே பேச்சும் இன்டர்நெட் போற பாதையிலதான் போகும், அதுக்கு வோல்ட்டிங்கிற வசதி உள்ள போன் வேணும். இந்த ஒரு விசயத்தைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டத்தண்ணி வத்திப் போச்சு.

உசுரோட இருக்கு, ஆனா அடிக்காது

கருப்பசாமி அண்ணாச்சி ஆட்டுக்காரர். மழைக்கு முன்ன, வெள்ளாமை பாக்குற சம்சாரிமாரோட கரிசக்காட்டுல ராத்திரி ஆட்டை அடைச்சுக் கிடை போடுவார். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம், அண்ணாச்சிக்குக் கூலி. எந்தக் காட்டுக்கு எப்ப வரணும்னு சம்சாரி போன்லதான் சொல்லுவார். போன் அடிக்கலைன்னா கிடை அடுத்தவனுக்குப் போயிரும். அதுலயும் இடைசெவல் பக்கம் சீனிவாசன் மொதலாளி காடு இருக்கே, அது ஒண்ணு கிடைச்சாத்தான் அண்ணாச்சி வீட்டுல அந்த வருசம் மூச்சு விட முடியும்.

ரப்பர் பேண்டு போட்ட பட்டன் போனைக் கொண்டாந்து மேசையில வச்சார். "ஒரு வாரமா ஒரு பய கூப்பிடல தாயி. என்னன்னு பாரு." பாத்தேன். பேட்டரி நல்லாருக்கு, ஸ்பீக்கர் நல்லாருக்கு. "போனுக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, அது பேசுற நெட்வொர்க்கைத்தான் மூடிட்டாங்க. புது போன்தான் வாங்கணும்"னேன். போனைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுச் சொன்னார்: "அப்பம் இது உசுரோடதான் இருக்கு, இருக்கதுக்கு ஊருதான் இல்லங்கியா?"

மிஸ்டு கால் குடும்பம்

அதே வாரம் ஒரு அக்கா, தீப்பெட்டி ஆபீசுக்குப் போறவங்க, புது போனைத் திருப்பிக் குடுக்கணும்னு சண்டைக்கு வந்துட்டாங்க. விசயம் என்னன்னா, அக்காவுக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரு ஏற்பாடு. ஒரு ரிங் விட்டு வச்சா வேலை முடிஞ்சிட்டு, பஸ் ஸ்டாப்புக்கு வண்டியக் கொண்டாங்கன்னு அர்த்தம். ரெண்டு ரிங்னா வரும்போது பால் வாங்கிட்டு வாங்க. பழைய நெட்வொர்க்குல நம்பரை அமுக்கினா, அது யோசிச்சு, இழுத்து, பிறகுதான் அடிக்கும். வைக்க நேரம் இருக்கும். வோல்ட்டியில அப்படி இல்ல, அமுக்கின உடனே அடிச்சிருது. அந்த அண்ணனோ கையிலயே போனை வச்சுக்கிட்டு இருக்கவர். இவங்க வைக்கறதுக்குள்ள "என்ன?"ங்காராம்.

"பேசுறது எல்லாம் ஃப்ரீதானே அக்கா, வாயத் தொறந்து பேசிட்டுப் போங்களேன்"னேன். அக்கா என்னையக் கிறுக்கச்சிய பாக்குற மாதிரி பாத்தாங்க. "இத்தன வருசமா மிஸ்டு கால்லயே குடும்பத்த ஓட்டிட்டோம்ட்டி. இப்பப் போயி அவருகிட்டப் பேசுன்னா நான் என்னத்தப் பேச?"

கொஞ்சம் அழுக்காக்கிக் குடுங்க

புதியம்புத்தூர்ல ரெடிமேடு தைக்கிற யூனிட் வச்சிருக்க ஒரு அண்ணாச்சி. சட்டையெல்லாம் நல்லா தைப்பார், சொன்ன தேதிக்கு மட்டும் தைக்க மாட்டார். ஆர்டர் குடுத்த ஆள் போன் போட்டா, "அலோ... அலோ... கேக்கல... பஸ்ல போறேன்"னு சொல்லி வச்சுருவார். பாதி நேரம் நெசமாவே கேக்காது, மீதி நேரம் இவருக்குக் கேக்காது. வோல்ட்டி வந்து தொழிலக் கெடுத்துட்டு. இந்தப் பக்கம் கொட்டாவி விட்டாக்கூட அந்தப் பக்கம் கேக்குது. "கேக்கல"ன்னு சொன்னா, "எனக்கு நல்லாக் கேக்குதே"ங்கானாம் பார்ட்டி.

கடைக்கு வந்து ரகசியமா குனிஞ்சு கேக்கார், வோல்ட்டிய அமத்த முடியாதான்னு. அமத்தினா உங்க சிம்முல பேச்சே வராதுன்னேன். அதுக்கு ஒரு யோசனை சொன்னார் பாருங்க, எனக்கு வந்த கோவத்துல ஸ்குரூ டிரைவரைக் கீழ வச்சுட்டேன்: "பேச்சு வரட்டும்மா, பழைய கொரகொரப்பு மட்டும் தனியா ரீசார்ஜ் பண்ண முடியுமா?"

வேகமாப் பேசினா மிச்சம்

பேச்சு டேட்டாவுல போகுதுன்னு யாரோ சொல்லிட்டாங்க, அவ்வளவுதான், குளத்தூர் உப்பளத்துல வேலை பாக்குற ஒரு பெரியவர் படபடபடன்னு பேச ஆரம்பிச்சுட்டார். டேட்டா மிச்சமாம்! பேசுறதுக்கு உங்க டேட்டாவுல கைவைக்க மாட்டாங்கய்யான்னு நான் தலைகீழா நின்னு சொல்லியும் நம்பல. அவருக்குக் கவலையெல்லாம் தன்னைப் பத்தி இல்ல. "எனக்குச் சரி. என் கொழுந்தியா ஒருத்தி இருக்கா, அவ பேசினா இந்த டவரே காலியாயிருமே, நீங்கல்லாம் என்னம்மா செய்வீங்க?"

பக்கத்துல நிக்கிறவன் யாரு?

கருப்பசாமி அண்ணாச்சிக்குப் புதுசா ஒரு வோல்ட்டி பட்டன் போன் குடுத்தனுப்பினேன். பழைய போன்ல இருக்க பேரையெல்லாம் ஏத்தித் தாரேன்னதுக்கு, "எதுக்கு? அலோன்னா எனக்கு ஆளு தெரியும்"னுட்டுப் போயிட்டார். கொஞ்ச நாள் கழிச்சு மூஞ்சியெல்லாம் வேர்க்க ஓடியாந்தார். "தாயி, ஒரு களவாணிப் பய சீனிவாசன் மொதலாளி மாதிரியே பேசுதான். நானும் மூணு தடவ கட் பண்ணிட்டேன். திரும்பக் கூப்பிடுதான்!"

யாருக்காவது போன் போட்டா ரிங் போறதுக்கு முன்ன, மோசடிக்காரன் வருதான் ஜாக்கிரதைன்னு நம்ம காதுல ஓதுதாங்கல்ல, அதைக் கேட்டுக் கேட்டு மனுசன் உசாராயிட்டார். நம்பரைப் பாத்தேன். அவர் மடியில கெடந்த பழைய போனைத் தொறந்து அதுல இருக்கதோட ஒத்துப் பாத்தேன். களவாணியும் இல்ல, கிளவாணியும் இல்ல, சீனிவாசன் மொதலாளியேதான். கிடைக்குக் கூப்பிட்ட மனுசனை மூணு தடவ மூஞ்சில அடிச்ச மாதிரி கட் பண்ணியிருக்கார். அண்ணாச்சி ஸ்டூல்ல அப்படியே உக்காந்துட்டார். "மொதலாளி கொரலு தகரத்துல தட்டுன மாதிரில்லா இருக்கும் தாயி. இது பக்கத்துல நிக்கவன் மாதிரி பேசினா நான் யாருன்னு நினைக்க?"

கல்யாண வீட்டுல ஆட்டுக்கு என்ன வேலை

"இப்பமே கூப்பிடுங்க, மன்னிப்புக் கேளுங்க"ன்னு நானே நம்பரை அமுக்கி, ஸ்பீக்கரையும் போட்டு மேசையில வச்சேன். அண்ணாச்சி கையக் கட்டிக்கிட்டு எந்திரிச்சு நின்னுட்டார், மொதலாளி நேர்ல வந்த மாதிரி. நடந்ததைச் சொன்னார். மொதலாளி வையலை. வஞ்சிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும். "அதனால என்னடே. நான் இப்பம் மதுரையில ஒரு கல்யாண வீட்டுல நிக்கேன். கிடைக்கு இன்னும் யாருக்கும் சொல்லல. வந்து பாப்போம்"னார்.

சொல்லி முடிக்கல, பின்னால "மே..."ன்னு ஒரு சத்தம். அப்புறம் பத்திருபது "மே". அதுக்கும் பின்னால ஒருத்தன், "மொதலாளி, ஆட்டை இந்தப் பக்கமா அடைக்கவா, ஓடப் பக்கமா அடைக்கவா?"ன்னு கத்துதான். கடையில ரீசார்ஜுக்கு நின்னவங்ககூட தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. கிடை போயிருச்சு, இந்த வருசப் பாடு போயிருச்சு. அண்ணாச்சி கொரல்ல ஒரு மாத்தமும் இல்லாமச் சொன்னார்: "சரிங்க மொதலாளி. கல்யாணச் சாப்பாட்ட நல்லாச் சாப்பிட்டுட்டு நிதானமா வாங்க."

மொதலாளி வைக்கட்டும்னு இவர் காத்து நிக்கார். மூணு தடவ கட் பண்ணின கை, நாலாவது தடவ போகுமா? அந்தப் பக்கமும் வைக்கல. வச்சிருப்பார்னு நினைச்சு நான், "இப்படிப் புளுகுதாரே அண்ணாச்சி, நீங்க நறுக்குன்னு நாலு கேட்டிருக்க வேண்டாமா?"ன்னு பொரிஞ்சு தள்ளிட்டேன். அண்ணாச்சி கண்ணத் தொடச்சுக்கிட்டுச் சிரிச்சார். "போ தாயி. உனக்குக் கிடை இல்ல, போடான்னு ஒத்த வார்த்தையில முடிச்சிருக்கலாம். எம் மனசு நோகக் கூடாதுன்னு மதுர வரைக்கும் போயி ஒரு கல்யாணத்தையே நடத்துதாரே. அந்த மட்டுக்கு நம்ம மேல மருவாதி இருக்குல்ல?"

மேசையில கெடந்த போன் செருமிச்சு. கொரகொரப்பு இல்ல, இழுவை இல்ல, பக்கத்துல நிக்கவர் பேசுற மாதிரியே வந்துச்சு அந்தக் கொரல்: "ஏலே கருப்பசாமி... மேலக்காடு சும்மாதான்லே கெடக்கு. நாளைக்கு ஆட்டைப் பத்திட்டு வா. அந்தக் கடைக்காரப் பிள்ளைகிட்டச் சொல்லு, கல்யாணம் முடிஞ்சிட்டுன்னு."

சொந்தங்களே, எல்லாத்தையும் தெளிவாக் கேக்க வைக்கத்தான் கம்பெனிக்காரனுக்கு வழி தெரிஞ்சிருக்கு. கேட்டதைக் கேக்காத மாதிரி இருந்துக்கிடுறதுக்கு மட்டும் நாமதான் ஏதாவது பாத்துக்கிடணும்.