சுட்டுவிரலில் ஒரு பாலுண்ணி

பிள்ளைகளே, என் வலது சுட்டுவிரலின் நுனி ஷெல் பட்டுப் போனதென்று பள்ளியில் நீங்கள் சொல்லித் திரிவது எனக்குத் தெரியும். ஷெல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாலுண்ணியால் போனது.

நகத்தோரம் அது பல வருடமாய் இருந்தது. வானத்து வெள்ளியை எண்ணினால் பாலுண்ணி வருமாம். இரவில் வாவியில் வலை போடுகிறவர் எண்ணாமல் இருப்பாரா என்று உங்கள் அம்மா பகிடி பண்ணுவா. பிறகு அது வெடித்து, நகத்தைப் பெயர்த்து, வலைக்கயிறு உரசும்போதெல்லாம் இரத்தம் கசிந்தது. பழுகாமத்திலிருந்து துறை கடந்து இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சதையில் துண்டெடுத்துச் சோதித்தார்கள்.

பாலுண்ணி ஒரு கிருமியால் வருவது, அநேகமாய்த் தானே போய்விடும் என்றார் டொக்டர் அம்மா. ஆனால் அந்தக் கிருமியில் சில வகை நகத்தடியில் வருடக்கணக்காய்க் கிடந்தால் தோலில் புற்று வரலாமாம். எனக்கு வந்திருந்தது. நுனியை எடுத்தால் தப்பலாம். நீங்களும் பாலுண்ணியைக் கண்டு பயப்படாதீர்கள். ஆறாமல் இரத்தம் வந்தால் மட்டும் மறைக்காமல் காட்டுங்கள்.

நான் மாட்டேன் என்றேன். புற்றுக்குப் பயமில்லாமல் இல்லை. துறையடியில் ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றிக்கு அதைவிடப் பயம். கையை விரிக்கச் சொல்லிப் பார்க்கிற காலம். துவக்கு விசை இழுக்கிற விரல் குறைந்தவனை, சண்டையில் காயப்பட்ட இயக்கக்காரன் என்று பிடிக்காமல், மீன்காரன் என்று எந்த ஆமிக்காரன் நம்புவான்?

வீட்டில் அந்த நோயின் பெயரையே எடுக்காமல் 'அந்த வருத்தம்' என்கிற உங்கள் அம்மா, டொக்டருக்கு முன்னால் சொன்னா:

"விரல் இல்லாத ஆளை நான் சென்றியால கூட்டித்து வருவன். ஆளே இல்லாட்டி ஆரைக் கூட்டித்து வாற?"

டொக்டர் சிரித்துவிட்டு அந்த வருத்தத்தின் பெயரை எனக்குச் சிங்களத்தில் சொல்லித் தந்தார்.

"கேட்டா, பிளிக்கா எண்டு சொல்லுங்க. விளங்கும்."

நுனியை எடுத்து, காயம் ஆறித் திரும்பும்போது சென்றியில் ஒருவன் என் கையைப் பிடித்தான். "பிளிக்கா" என்றேன். சட்டென்று விட்டான். தொற்றும் என்று நினைத்தானோ, பாவம் என்று நினைத்தானோ, போகச் சொல்லித் தலையசைத்தான். எனக்குச் சிங்களம் நன்றாய் வருகிறதாம் என்று துறையில் உங்கள் அம்மா சிரித்தா.

அன்று பின்னேரம் தோணியைப் பார்க்கப் போனேன். சிங்களத்தில் வாயில் வந்த அந்தச் சொல்லைத் தமிழில் நான் ஒருநாளும் சொன்னதில்லை. தோணி விளிம்பில் குந்தியிருந்து, "புற்றுநோய்" என்று ஒருதரம் சத்தமாய்ச் சொன்னேன். பிறகு தோணிக்குள் நின்ற தண்ணீரை இடக்கையால் இறைத்தேன்.