சுமதி – பணவாட்டம்

போன சனிக்கிழமை ஆக்லாந்தில், நியூ லின் ஹாலில் நாற்பது பேர் வந்திருந்தார்கள். என் பேச்சைக் கேட்க! இதற்கு முன் ஒருமுறை பேசியபோது ஏழு பேர். அதில் இருவர் சாவி வைத்திருந்தவர்கள்.

தலைப்பு, 'கிழக்காசியாவும் பணவாட்டமும்'. ஆபீஸில் தினமும் அலசுகிற விஷயம்தான். பணவீக்கம் எல்லோருக்கும் தெரியும், விலை ஏறுவது. விலை இறங்கிக்கொண்டே போவதுதான் பணவாட்டம். இந்த வார்த்தை எனக்கும் அகராதிக்கும் மட்டும் தெரியும் போலிருக்கிறது.

உற்சாகமாக ஆரம்பித்தேன். விலை குறைந்தால் நல்லதுதானே? இல்லை... ஜப்பானில் பார்த்தோமே! நாளைக்கு இன்னும் குறையும் என்று எல்லோரும் வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள். கடையில் விற்பனை இல்லை, அதனால் சம்பளமும் ஏறவில்லை. மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்துக்கும் கீழே இறக்கிப் பார்த்தது. விலை அசைய வருஷக்கணக்கானது. இப்போதுதான் அங்கே வட்டி மெல்ல ஏறுகிறது. சீனாவிலோ விலை ஏறவில்லையே என்று கவலை. கொரியாவில் வட்டியைக் குறைக்கவும் பயம் – ஜனங்கள் இன்னும் வீட்டுக்கடன் வாங்கிக் குவிப்பார்களாம்.

ஒருவரும் கொட்டாவி விடவில்லை. எல்லார் முகத்திலும் அப்படி ஒரு கனிவு. முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொரியாவுக்காக யார் அழுவார்கள்?

பேச்சு முடிந்ததும் தவமலர் அக்கா ஒரு பையை என் கையில் திணித்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே ஃபார்மஸியில் வேலை. பைக்குள் அரிசி, பருப்பு, ஒரு கவர்.

"வெக்கப்படாதையும் பிள்ளை. எல்லாருக்கும் வாற கஷ்டம்தானே. புதன்கிழமை எனக்கு லீவு. உம்மடை வீட்டை வாறன், இருந்து கதைப்பம்."

அப்போதுதான் போனை எடுத்து எங்கள் தமிழ்ச் சங்க வாட்ஸப் குழுவைப் பார்த்தேன். அட்மின் சங்கர் எதிலும் சிக்கனம். அறிவிப்பிலும்தான்: 'சனி 3 மணி. சுமதி – பணவாட்டம். அவசியம் வரவும்.'

மைக்கைப் பிடித்து உண்மையைச் சொன்னேன். எனக்கு வேலை இருக்கிறது, சம்பளம் வருகிறது, வாடியது ஜப்பான்தான். ஹாலே அதிரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்காகக் கொண்டுவந்த பைகளைக் கூச்சத்தோடு எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பத்தே நிமிஷம்... ஹால் காலி.

காசில்லை என்றால் நாற்பது பேர் வருகிறார்கள். ஆளில்லை என்றால் எந்தக் குழுவில் அறிவிப்புப் போடுவது?

பையன் பிரிஸ்பேனுக்கு வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. அதன் பிறகு ஆல்பனியில் என் வீட்டுப் படி ஏறியவர் கூரியர்காரர் மட்டும்தான். யாரையாவது சாப்பிடக் கூப்பிடலாம் என்று வாராவாரம் நினைப்பேன். வீட்டைச் சுத்தம் செய்துவிட்டுக் கூப்பிடலாம், மழை விட்டதும் கூப்பிடலாம்... ஆக்லாந்தில் மழை எப்போது விட்டிருக்கிறது? வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. பொல்லாத தனிமையாக இருந்தது.

தவமலர் அக்கா மட்டும் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் புதன்கிழமை வரத் தேவையில்லைத்தானே?"

'பரவால்லக்கா' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆறு மாதமாக எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போதும் சொல்லிவிட்டால் இவரும் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். புதன்கிழமையும் மற்றக் கிழமைகளைப் போல ஆகிவிடும். பயமாக இருந்தது.

"வாங்கக்கா. பணம் இருக்கு. வாட்டமும் இருக்கு" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். மடக்கிய நாற்காலிகளில் இரண்டை மறுபடி விரித்துப் போட்டார்.

"புதன்கிழமையும் வருவன். இப்ப இதில இரும், கதையும்."

ஹாலுக்குக் கூடுதலாக இரண்டு மணி நேர வாடகை கேட்டார்கள். பேரம் பேசாமல் கட்டினேன்!