கமக்கட்டுக் கறுத்த பறவை

பறவை பார்க்கும் பயணத்தின் இரண்டாம் நாள் இன்று. மண்டைதீவுக் கரையின் சேற்றில் தனியே நின்ற ஒன்றைக் காட்டி, எங்களைக் கூட்டிச்சென்ற அண்ணை, "பொன் உப்புக்கொத்தி" என்றார்.

நேற்று முழுவதும் வாய் திறக்காத நான், "இல்லை அண்ணை, அது சாம்பல் உப்புக்கொத்தி. பறக்கேக்கை கமக்கட்டுக் கறுப்பாத் தெரியும்" என்றேன்.

"கமக்கட்டுப் பாக்கவோ தங்கச்சி இவ்வளவு தூரம் வந்தனீர்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் பறவையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நாயொன்று ஓடிவர, அது எழுந்து பறந்தது. வெள்ளைச் சிறகுகளின் அடியில், அக்குள் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.

அண்ணை தொலைநோக்கியை இறக்கினார். "ஓம், நீர் சொன்னதுதான் சரி."

இப்போது காகத்தைக்கூட என்னிடம் கேட்டுத்தான் உறுதிப்படுத்துகிறார்கள். நானும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.